மருந்துச் சீட்டை மறைக்காதீர்கள்!

பெண் டாக்டரின் அறை. நாற்காலியில் தாய் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மகள். மகளுக்கு வயது 23.

"மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, டாக்டரம்மா" என்கிறாள் தாய்.

டாக்டர் எழுதிக்கொள்கிறார். பெண்ணை எடை மேடையில் ஏற்றிப் பார்க்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்.

"வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயாம்மா?"

மகள் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். தாய் முந்திக்கொள்கிறாள்.

"ஒன்றும் இல்லை, டாக்டரம்மா!"

தாயின் கைப்பையில் இன்னொரு சீட்டு இருக்கிறது. அது பக்கத்து ஊர் டாக்டர் எழுதியது. மனநல டாக்டர் எழுதியது. அந்தப் பெண் இரண்டு வருடத்துக்கு முன் தூக்கம் கெட்டுத் தவித்தாள். யாரோ காதில் பேசுவதாகச் சொன்னாள். மாத்திரை கொடுத்தார்கள். குணமானாள். இன்று வேலைக்குப் போகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதனால்தான் சீட்டு பைக்குள்ளேயே இருக்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. நான் சேர்த்துச் சொன்ன காட்சிதான். ஆனால் இதைப் படிக்கும் தாய்மார்களில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"ஒன்றும் இல்லை" என்ற அந்த இரண்டு சொல்லால் என்ன நடக்கும், பாருங்கள்.

டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். புரோலாக்டின் என்ற சுரப்பு நீர் அதிகம் என்று முடிவு வரும். ஏன் அதிகம்? ஒருவேளை தலைக்குள் இருக்கும் சுரப்பியில் கட்டியோ? தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்வார். வீட்டில் அழுகை. ஆயிரக்கணக்கில் செலவு. கடைசியில் கட்டி இல்லை என்று தெரியும்.

கைப்பையில் இருந்த காகிதத்தை மேஜை மேல் வைத்திருந்தால், டாக்டருக்கு முதல் நாளே வழி தெரிந்திருக்கும்!

எத்தனை நாள் தள்ளினால் கவலை?

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதவிலக்கு 28 நாளுக்கு ஒரு முறைதான் வரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு முறை தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். 24 நாள் முதல் 38 நாள் வரை இருந்தால் சரிதான். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள் வரை போவதும் உண்டு. அதற்காகச் சிறு பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம்.

வளர்ந்த பெண்ணுக்கு 38 நாளைத் தாண்டியே வந்துகொண்டிருந்தால், அது அரிதாக வருகிறது என்று பொருள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவளுக்கு மூன்று மாதம் வராமலே இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும். 15 வயது முடிந்தும் பெண் வயதுக்கு வரவில்லை என்றாலும் போக வேண்டும்.

சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ராகு காலம் பார்க்கிறோம், எமகண்டம் பார்க்கிறோம். ஆனால் இந்தத் தேதியைக் குறித்து வைப்பதில்லை. டாக்டர் கேட்டால், "பொங்கலுக்கு முன்னாலே வந்தது" என்று சொல்கிறோம். தேதிச் சீட்டைக் கிழித்தால் குறிப்பும் குப்பைக்குப் போய்விடும். ஆகையால் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத் தேதிகள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

கல்யாணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால், "முழுகாமல் இருக்கிறாளா?" என்று வீடே மகிழ்கிறது. அது சரியான கேள்விதான். முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். அரிதாக வருகிறவளுக்குக் குழந்தை தங்காது என்று எண்ணிவிடக் கூடாது. எப்போதோ ஒரு முறை கருமுட்டை வெளிப்பட்டாலும் கரு தங்கும். ஆகவே எந்த மருந்தையும் கொடுப்பதற்கு முன் டாக்டர் சிறுநீர்ச் சோதனை செய்யச் சொன்னால் கோபப்படாதீர்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சொன்னாலும் கோபப்படாதீர்கள். அவர் உங்கள் மகளைச் சந்தேகப்படவில்லை. தன் கடமையைச் செய்கிறார்.

பால் கொடுக்கும் தாயைப் பாருங்கள்

மாத்திரைக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?

நம் பாட்டிமாருக்கே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பெண்ணுக்குப் பல மாதங்கள் மாதவிலக்கு வருவதில்லை. ஏன்? மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பிட்யூட்டரி என்று பெயர். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் அதிலிருந்துதான் வருகிறது. புரோலாக்டின் ஏறினால், கருமுட்டையைத் தூண்டும் கட்டளை மூளையிலிருந்து குறைந்துவிடும். முட்டை வெளிப்படாது. மாதவிலக்கும் தள்ளிப் போகும்.

மற்ற நாட்களில் இந்தப் புரோலாக்டினை அடக்கி வைப்பது டோபமைன் என்ற பொருள். வண்டிக்குப் பிரேக் மாதிரி. மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த டோபமைனின் வேலையைத் தடுக்கின்றன. நோய் அடங்குவதும் அதனால்தான். கூடவே பிரேக்கும் தளர்ந்துவிடுகிறது. புரோலாக்டின் ஏறுகிறது. பிள்ளை பெறாத பெண்ணின் உடம்பு, பால் கொடுக்கும் தாயின் உடம்பு போல நடந்துகொள்கிறது!

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை இப்படிப்பட்டவை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு ஆகும்.

இங்கே ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். புரோலாக்டின் அதிகம் ஏறினால், கல்யாணமாகாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியலாம். அதைத் தாய் பார்த்துவிட்டால்? "என்னடி செய்தாய்?" என்று அடி விழுகிறது. ஒரு பாவமும் அறியாத பெண், மாத்திரை செய்த வேலைக்குத் தண்டனை அனுபவிக்கிறாள். தாய்மார்களே, அடிக்கக் கையை ஓங்கும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்!

மனநல மாத்திரை மட்டும் அல்ல. வாயுத் தொல்லை, நெஞ்செரிச்சல், வாந்தி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தின்கிறோமே, அந்த மாத்திரைகள் சிலவற்றில் டாம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது. இவையும் புரோலாக்டினை ஏற்றுகின்றன. "வெறும் கேஸ் மாத்திரைதானே, அதைப் போய் டாக்டரிடம் சொல்வானேன்?" என்று விட்டுவிடுகிறோம். அதைத்தான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அதை விழுங்குகிறவர்கள் உண்டு.

நிறுத்தினால் என்ன?

இதைப் படித்ததும் சில வீடுகளில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். "சரி, மாத்திரையால்தான் தொல்லை. இன்று முதல் நிறுத்திவிடலாம்!"

கூடாது! ஒரு நாளும் கூடாது!

மாத்திரையை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பி வரலாம். நோயும் திரும்பி வரும். முதல் முறையைவிடக் கடுமையாகவும் வரலாம். வேலை போகும். படிப்பு போகும். சிலருக்கு உயிரே போகும்.

வலிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையைத் திடீரென்று விட்டால் இன்னும் மோசம். வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த மருந்துகளில் சோடியம் வால்புரோயேட் என்று ஒன்று உண்டு. அது எடையைக் கூட்டும். சிலருக்கு மாதவிலக்கைத் தள்ளிப் போடும். கரு தங்கிய பிறகும் தொடர்ந்தால், குழந்தையின் முதுகுத்தண்டுக்கும் அறிவு வளர்ச்சிக்கும் கெடுதல் வரக்கூடும். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக விடக் கூடாது. டாக்டர்தான் படிப்படியாக மாற்ற வேண்டும்.

மனநல மருந்திலும் அப்படித்தான். அளவைக் குறைக்கலாம். புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மாற்றலாம். அரிபிப்ரசோல் அப்படிப்பட்ட ஒன்று. வழி இருக்கிறது. ஆனால் இரண்டு டாக்டர்களுக்கும் விஷயம் தெரிந்தால்தானே வழி பிறக்கும்?

மருந்து எதிரி அல்ல. மனநோய்க்கென்று முதல் மருந்து 1952-ல்தான் பாரிஸ் நகரில் வழக்கத்துக்கு வந்தது. குளோர்புரோமசின் என்பது அதன் பெயர். அதற்கு முன் பலரைக் கட்டி வைத்தார்கள், அடைத்து வைத்தார்கள். மருந்து வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி, ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதை நினைத்தால், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெண் காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

"சோற்றைக் குறை!"

இனி எடைக்கு வருவோம்.

நாள் தள்ளுகிறது என்றவுடன் எல்லோரும் பெண்ணின் உடம்பைப் பார்க்கிறார்கள். "தின்று தின்று ஊதிப் போயிருக்கிறாள். சோற்றைக் குறை!" என்று அத்தை சொல்கிறாள், சித்தி சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியும் சொல்கிறாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அல்ல.

சில மனநல மருந்துகள் பசியைத் தூண்டிவிடும். ஒலான்சபைன் அவற்றில் முக்கியமானது. வயிறு நிறைந்தது தெரியாது. அந்தப் பெண் பேராசையால் சாப்பிடவில்லை. மருந்து சாப்பிட வைக்கிறது. அவளைத் திட்டி என்ன பயன்? மருந்து தொடங்கிய நாளிலேயே எடையைக் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை பார்த்து, இரண்டு கிலோ ஏறும்போதே டாக்டரிடம் சொன்னால் பயன் உண்டு.

எடை கூடினால் மாதவிலக்கு ஏன் தள்ளுகிறது? உடம்பில் உள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதுவும் பெண்மைச் சுரப்பு நீரைத் தயாரிக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அது சூலகத்தைத் தூண்டி ஆண்மைச் சுரப்பு நீரை அதிகமாக்குகிறது. முட்டைகள் பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன. முகத்தில் முடியும் பருவும் வரலாம். இதைத்தான் இன்று எல்லோரும் "பி.சி.ஓ.டி." என்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் இப்படிப்பட்ட ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் ஏறத்தாழ பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். குண்டான பெண்களுக்குத்தான் வரும் என்பதும் இல்லை, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், எடையைக் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. 70 கிலோ எடையுள்ள பெண் 50 கிலோ ஆக வேண்டியதில்லை. மூன்றரை முதல் ஏழு கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியலாம். அதை ஆறு மாதத்தில் மெள்ளக் குறைக்கலாம். நடக்க வேண்டும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டும். டீக்கடை வடையையும் பாட்டில் பானத்தையும் விட வேண்டும். பட்டினி வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன்? எடை மிகக் குறைந்தாலும் மாதவிலக்கு நிற்கும்!

1944-45 குளிர்காலத்தில், இரண்டாவது உலகப் போரின்போது, ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மனியர் தடுத்தார்கள். பெரும் பஞ்சம். ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புக் கணக்கு விழுந்தது. உணவு வந்த பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்பியது. கொழுப்பிலிருந்து மூளைக்கு ஒரு செய்தி போகிறது என்பது பிறகு தெரிந்தது. லெப்டின் என்ற அந்தப் பொருளை 1994-ல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். "பிள்ளையைச் சுமக்க இந்த உடம்பில் தெம்பு இல்லை" என்று மூளை தெரிந்துகொண்டு கட்டளையை நிறுத்திவிடும்.

அங்கே பஞ்சத்தால் பட்டினி. இங்கே சில பெண்கள் கல்யாணப் புகைப்படத்துக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 43 கிலோ முதல் 53 கிலோ வரை நல்ல எடை. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

பப்பாளியும் எள்ளுருண்டையும்

வீட்டு வைத்தியம் இல்லாமல் நம் ஊரா? பப்பாளி, எள்ளுருண்டை, கருஞ்சீரகம் என்று ஒவ்வொருவர் ஒன்று சொல்வார்கள். எள்ளுருண்டை தின்பதில் தவறு இல்லை. அதுவே வைத்தியம் என்று ஒரு வருடத்தை வீணாக்குவதுதான் தவறு.

மருந்துக் கடையில் வரவழைக்கும் மாத்திரை என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கோயிலுக்கும் விசேஷத்துக்கும் தள்ளிப் போடும் மாத்திரை வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். டாக்டரைக் கேட்காமல் இதை விழுங்குவது நல்லதல்ல. சிலருக்கு இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. வரவழைக்கும் மாத்திரையால் உதிரம் வந்துவிடும்; ஆனால் ஏன் நின்றது என்ற காரணம் அப்படியே இருக்கும். அது தைராய்டாக இருக்கலாம், புரோலாக்டினாக இருக்கலாம், கருவாகவே இருக்கலாம்.

"வராவிட்டால் நல்லதுதானே, தொல்லை விட்டது" என்று இருப்பதும் சரி அல்ல. முட்டை வெளிப்படாமல் நாள் தள்ளினால் கருப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். புரோலாக்டின் ஏறியோ உடம்பு மெலிந்தோ நின்றிருந்தால் எலும்பு வலுவிழக்கும். இரண்டுமே வெளியே தெரியாமல் நடப்பவை.

மாமியார் பக்கத்தில் இருந்தால்?

மறைப்பது தாய் மட்டும் அல்ல. மருமகளும் மறைக்கிறாள்.

2017 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் "அந்தரா" என்ற கருத்தடை ஊசி இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். இந்த ஊசியால் மாதவிலக்கு ஒழுங்கு மாறும். நாளடைவில் நின்றே போகலாம். அதனால் கெடுதல் இல்லை. ஊசியை விட்ட பிறகு கரு தங்கச் சில மாதங்கள் ஆகும். "சாயா" என்ற மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் கண்டுபிடிப்பு. அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கும் நாள் தள்ளும்.

மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் ஊசி போட்டிருக்கிறாள். நாள் தள்ளுகிறது. மாமியாரே அவளை டாக்டரிடம் அழைத்து வருகிறாள். "மாத்திரை, ஊசி ஏதாவது?" என்று டாக்டர் கேட்கிறார். அவள் எப்படிச் சொல்வாள்?

ஆகவே டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்ணைத் தனியாக வைத்துக் கேளுங்கள். தாயையும் மாமியாரையும் இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். மனநல டாக்டர்களே, மருந்து எழுதும்போதே, "இதனால் மாதவிலக்கு தள்ளலாம், எடை கூடலாம், அப்படி ஆனால் என்னிடம் வா" என்று சொல்லிவிடுங்கள். வரும்போதெல்லாம் தூக்கம் எப்படி என்று கேட்கிறீர்கள். மாதவிலக்கு எப்படி என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

"சொன்னால் கல்யாணம் நடக்குமா?"

தாயின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. நம் ஊரில் மனநோய் என்று தெரிந்தால் வந்த வரன் திரும்பிப் போகும். அது உண்மை.

ஆனால் டாக்டரிடம் சொல்வது ஊரிடம் சொல்வது ஆகாது. மனநலச் சிகிச்சை பற்றிய விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. "டாக்டரம்மா, இது வெளியே போகக் கூடாது" என்று கேட்டுக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டப் போகும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. மறைத்துக் கட்டிக் கொடுத்தால், மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டும். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை ஒரு நாள் நின்றுவிடும். பிறகு நோய் வரும். இதில் என்னோடு ஒத்துப் போகாத தாய்மார் இருப்பார்கள். இருக்கட்டும். டாக்டரிடம் சொல்வதில் மட்டுமாவது ஒத்துப் போங்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கடை மஞ்சள் பை போதும். மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை, கேஸ் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, உடம்பு மெலிய வாங்கிய டப்பா, எல்லாவற்றையும் அதில் போடுங்கள். தேதி எழுதிய நோட்டையும் வையுங்கள். டாக்டர் கேட்டவுடன் பையை மேஜை மேல் கவிழ்த்துவிடுங்கள். மாத்திரை தீர்ந்துபோயிருந்தால் வெறும் அட்டையையாவது கொண்டு போங்கள். பெயர் அதில் அச்சாகியிருக்கும்.